ஏறுவதற்கு வலிமை, இறங்குவதற்கு நிதானம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மேடும் பள்ளமும் புதியவை அல்ல. காலை இருட்டில் பெரட்டு முடிந்ததும் லாரியின் பின்கட்டில் ஒருவரையொருவர் நெருக்கி நின்றபடி மலைக்காட்டுக்கு வேலைக்குப் போன நாட்களைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மேட்டில் ஏறும்போது எஞ்சின் உறுமும். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, "ஏறிவிடுமா, நின்றுவிடுமா" என்று அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். உச்சியைத் தொட்டதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழும். பிறகு சிரிப்பும் பேச்சும் மறுபடி தொடங்கிவிடும். வண்டி இறங்கத் தொடங்கியதும் இனி அச்சம் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

உண்மையில் அச்சப்பட வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. ஏற முடியாத வண்டி நின்றுவிடும். அதனால் போவது நேரம் மட்டுமே. இறங்கும்போது பிடி தவறிய வண்டி தானாக நிற்பதில்லை. மலைப்பாதைகளில் உயிர்கள் பெரும்பாலும் பறிபோவது இறக்கத்தில்தான். ஆகவே, சரிவில் வண்டியை மெதுவாக இறக்குவதற்கு மனிதன் காலந்தோறும் என்னென்ன கருவிகளைக் கண்டுபிடித்தான் என்னும் வரலாற்றை இன்று பார்ப்போம். மாட்டு வண்டிக் காலத்திலிருந்து, பொத்தானை அழுத்தினால் வண்டியே தன்னைப் பிடித்துக்கொண்டு இறங்கும் இன்றைய காலம் வரை இந்த வரலாறு நீள்கிறது.

வரலாற்றுக்குள் நுழையுமுன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டில் ஏறிய வண்டி, ஏறுவதற்குச் செலவிட்ட ஆற்றலைத் தன்னிடம் சேமித்து வைத்திருக்கிறது. இறங்கும்போது அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது போய்த்தான் ஆகவேண்டும். பிரேக்கை மிதித்தால் அது வெப்பமாக மாறுகிறது. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையை எடுத்துக்கொள்வோம். சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தை அந்தச் சாலை இறங்குகிறது. ஆளும் பாரமுமாக இரண்டு டன் எடையுள்ள ஒரு வண்டி அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பத்து டன் லாரியானால் 450 லிட்டர். அதாவது இரண்டு பெரிய எண்ணெய் டிரம் நிறையத் தண்ணீரும் கொதித்து, இன்னும் மிஞ்சும். காற்றும் சாலையும் இதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்பது மெய்தான். எஞ்சியதை யார் வாங்குவது என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பினால், சக்கரங்களுக்குள் இருக்கும் சில கிலோ இரும்பே அத்தனை வெப்பத்தையும் தாங்க வேண்டியிருக்கும்.

அளவுக்கு மீறிச் சூடான பிரேக்கு பிடிப்பை இழக்கிறது. கட்டையும் இரும்பும் உரசினாலும் வண்டி நிற்பதில்லை. சூடு இன்னும் ஏறினால், பிரேக்குக் குழாயில் இருக்கும் எண்ணெயே கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெயை நசுக்க முடியாது, ஆவியை நசுக்கலாம். ஆகவே ஓட்டுநர் காலை வைத்தால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும், ஆனால் சக்கரத்தில் ஒன்றும் நடக்காது. "பிரேக்கு அறுந்துவிட்டது" என்று நாம் சொல்கிறோமே, அப்படிச் சொல்லப்படும் விபத்துகள் பலவற்றில் எதுவும் அறுந்திருக்காது. பிரேக்கு வெந்துபோயிருக்கும், அவ்வளவே. வெப்பம்தான் இறக்கத்தின் முதல் எதிரி.

இரண்டாவது எதிரி வழுக்கல். மழை பெய்த செம்மண் பாதையில் இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்காது. சேற்றின்மேல் பலகை வழுக்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். சுழலாத சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. ஸ்டீயரிங் கையில் இருந்தும் இல்லாதது போலத்தான்.

வெப்பம், வழுக்கல் ஆகிய இந்த இரண்டு எதிரிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நாம் பார்க்கப்போகும் ஒவ்வொரு கருவியும் இவற்றுள் எதை அடக்கியது, எதை விட்டுவிட்டது என்று கேட்டுக்கொண்டே வந்தால், வரலாறும் விளங்கும். நம் உயிரைக் காக்கும் பாடமும் கிடைக்கும்.

முதலில் மாடும் குதிரையும் வண்டி இழுத்த காலம். மேட்டில் நின்ற வண்டி பின்னோக்கி உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகினார்கள். நாம் இன்று பேச்சில் வழங்கும் "முட்டுக்கட்டை" அந்தக் கட்டைதான். நிற்கும் வண்டிக்கு அது போதும். இறங்கும் வண்டிக்குப் போதாது. இறங்கும்போது பின்னாலிருக்கும் பாரம் மாடுகளையே தள்ளிக்கொண்டு போய்விடும். ஆகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார வண்டிக்காரர்கள் பின்சக்கரம் ஒன்றின் அடியில் செருப்புப் போன்ற ஓர் இரும்புத் தகட்டை வைத்து, அதைச் சங்கிலியால் வண்டியோடு பிணைத்தார்கள். சக்கரம் சுழலாமல் அந்தத் தகட்டின்மேல் நின்றபடியே தரையில் உரசிக்கொண்டு இறங்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடியேறப் போனவர்கள், செங்குத்தான சரிவுகளில் வெட்டிய மரம் ஒன்றை வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கியதும் உண்டு.

இந்த முறைகளில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். தகட்டை மாட்டுவதானாலும் மரத்தைக் கட்டுவதானாலும், மேட்டின் உச்சியிலேயே வண்டியை நிறுத்திச் செய்தாக வேண்டும். பாதி இறக்கத்தில் ஓடுகிற வண்டிக்குத் தகடு மாட்ட எவராலும் முடியாது. இறக்கத்தின் வேகம் உச்சியிலேயே தீர்மானிக்கப்படுகிறது என்ற இந்தப் பாடத்தைப் படிக்காத அந்த வண்டிக்காரர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பிறகு மோட்டார் வந்தது. பலர் அதை மறந்தார்கள்.

மோட்டார் வண்டியில் ஒரு புதிய வசதி இருந்தது. முன்னே இழுத்துச் செல்லும் எஞ்சினே, தேவைப்பட்டால் பின்னே பிடித்து இழுக்கவும் செய்யும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கை தடுமாறும். எஞ்சினுக்குள்ளும் அதுபோன்ற பம்புகள்தாம் மேலும் கீழும் ஓடுகின்றன. எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சிறிய கியரில் வண்டியை இறக்கினால், உருளும் சக்கரங்கள் அந்தப் பம்புகளை ஓட்டியாக வேண்டும். அந்த உழைப்பு வண்டியின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. பிறக்கும் வெப்பமும் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. பிரேக்கு குளிர்ச்சியாகவே இருக்கிறது. முதல் எதிரியான வெப்பத்தை அடக்க எஞ்சினைக் காட்டிலும் நல்ல துணை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நம் நாட்டு மலைச்சாலைகளில் "குனா கியர் ரெண்டா" என்று எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆனால் பெரிய டீசல் லாரிகளுக்கு இது மட்டும் போதவில்லை. அதை நேரில் கண்டு உயிர் தப்பியவர் கிளெஸ்ஸி கம்மின்ஸ். அமெரிக்காவில் டீசல் எஞ்சின் செய்த முன்னோடிகளுள் ஒருவர். 1931-ஆம் ஆண்டு, தம் எஞ்சினின் திறமையை உலகுக்குக் காட்ட, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு ஒரு லாரியைத் தோழர்களுடன் ஓட்டிச் சென்றார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் என்ற நீண்ட இறக்கத்தில் பிரேக்குகள் வெந்து செயலிழந்தன. லாரி தறிகெட்டு ஓடியது. அடிவாரத்தில் சாலைக்குக் குறுக்கே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. ரயிலின் கடைசிப் பெட்டி கடந்து போன அதே நொடியில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. மயிரிழையில் தப்பினார்கள்.

அந்த நாள் கம்மின்ஸின் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஓய்வு பெற்ற பின்னர், 1950-களில் அதற்கு விடை கண்டார். டீசல் எஞ்சின் காற்றை அழுக்கும்போது வேகத்தைத் தின்கிறது. ஆனால் அழுக்கப்பட்ட காற்று மீண்டும் விரியும்போது, வாங்கியதில் பெரும் பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. காற்று விரிவதற்கு முன்பே வால்வைத் திறந்து அதை வெளியே விட்டுவிட்டால் என்ன என்று அவர் எண்ணினார். அப்படிச் செய்தால் எஞ்சின் வாங்குவது மட்டும் உண்டு, திருப்பிக் கொடுப்பது இல்லை. இந்த அடிப்படையில் ஜேக்கப்ஸ் என்ற நிறுவனம் 1961-ல் எஞ்சின் பிரேக்கைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய லாரிகள் இறங்கும்போது படபடவென்று வெடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டால், அது அழுக்கிய காற்று வெளியேறும் சத்தமாக இருக்கலாம். 1931-ல் ஒரு ரயில்பாதை ஓரத்தில் கிடைத்த பாடம் அந்தச் சத்தத்தில் இருக்கிறது.

இது சாலை லாரியின் கதை. சாலையே இல்லாத காட்டுக்கும் சேற்றுக்கும் வேறு வண்டி தேவைப்பட்டது. அது போரில் பிறந்தது. 1940-ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம், நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஓர் இலகுவான வண்டி வேண்டுமென்று 135 நிறுவனங்களுக்கு எழுதியது. முதல் மாதிரி வண்டியை 49 நாட்களில் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. பென்சில்வேனியாவிலிருந்த பேண்டம் என்ற சிறு நிறுவனம், கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரின் துணையோடு வண்டியைச் செய்து, அவ்வாண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஒப்படைத்தது. பிறகு வில்லிஸ் நிறுவனமும் ஃபோர்டு நிறுவனமும் போர் முடியும் வரை சுமார் 640,000 வண்டிகளைச் செய்து குவித்தன. உலகம் அதற்கு வைத்த பெயர் ஜீப்.

ஜீப்பின் பெருமை அதன் எஞ்சினில் மட்டும் இல்லை. அதன் குதிரைத்திறன் 60 மட்டுமே. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது பெட்டி ஒன்று இருந்ததுதான் சிறப்பு. அதன் நெம்புகோலை மாற்றினால் எல்லாக் கியர்களும் மேலும் சிறியனவாகிவிடும். அப்படி மாற்றி முதல் கியரில் ஓட்டும்போது, எஞ்சின் சுமார் 25 சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஏறும்போது இது வலிமை. சிறிய எஞ்சின் பெரிய பாரத்தை இழுக்கும். இறங்கும்போது இதுவே கடிவாளம். சக்கரம் ஓட நினைத்தால் எஞ்சினை 25 மடங்கு வேகத்தில் சுழற்றியாக வேண்டும். நான்கு சக்கரங்களும் அந்தப் பிடியில் பங்கு கொள்வதால், பிரேக்கைத் தொடாமலே ஜீப் மெல்ல ஊர்ந்து இறங்கியது.

போர் முடிந்த பிறகு, இங்கிலாந்தில் ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டிலிருந்த தம் நிலத்தில் ஒரு பழைய ஜீப்பை வைத்து வேலை செய்துவந்தார். அதைப் பார்த்து உழவர்களுக்கு ஏற்ற வண்டி ஒன்றை உருவாக்கினார். போருக்குப் பின் எஃகு தட்டுப்பாடு இருந்ததால், உடற்பகுதியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார். 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டிதான் லேண்ட் ரோவர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது. இராணுவமும் போலீசும் தோட்டத் துரைமார்களும் லேண்ட் ரோவரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கேமரன் மலையின் காய்கறி விவசாயிகளும் அதை விரும்பி வாங்கினார்கள். ஈரம் குறையாத அந்த மலைக்காற்றில் அலுமினியம் துருப்பிடிக்காமல் நின்றது. பல்லாண்டு பழைய லேண்ட் ரோவர்கள் கோஸ் மூட்டைகளைச் சுமந்துகொண்டு அங்கே சரிவுகளில் ஓடுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு.

அந்தப் பழைய வண்டிகளில் ஏறியவர்களுக்கு அதன் குமிழ்கள் நினைவிருக்கும். மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். சிவப்புக் குமிழ் உள்ள நெம்புகோலைப் பின்னே இழுத்தால் சிறு கியர் தொகுதி வந்துவிடும். 1958-க்குப் பின் வந்த லேண்ட் ரோவர்களில், சிவப்புக் குமிழைப் பின்னே இழுத்து முதல் கியர் போட்டால், எஞ்சின் சுமார் 40 சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். காலை எல்லா மிதிகளிலிருந்தும் எடுத்துவிட்டால், வண்டி மணிக்கு இரண்டு அல்லது மூன்று கிலோமீட்டர் வேகத்தில் போகும். அது தாய் தன் குழந்தையின் கையைப் பிடித்து நடத்திச் செல்லும் வேகம்.

ஆயினும் சிவப்புக் குமிழ் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஓர் அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களுக்கும் எஞ்சினின் பிடி பகிர்ந்து போகிறது. அவற்றில் ஒன்று சேற்றிலோ குழியிலோ பிடிப்பை இழந்துவிட்டால், அந்த அச்சில் எஞ்சினின் பிடியும் தளர்ந்துவிடும். தேர்ந்த ஓட்டுநர் இதை இருக்கையில் உட்கார்ந்தபடியே உணர்ந்து, எண்ணெய் மிதியை இலேசாகத் தொட்டும், பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்தும் சமாளிப்பார். புதியவர் பயந்துபோய் பிரேக்கை அழுத்தி மிதிப்பார், சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டி வழுக்கும். முதல் எதிரியான வெப்பம் அடங்கிய பிறகும் இரண்டாம் எதிரியான வழுக்கல் காத்துக்கொண்டிருந்தது.

அதற்கு விடை வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. 1978-ஆம் ஆண்டு ஜெர்மனியின் போஷ் நிறுவனம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணுப் பிரேக்கை மெர்சிடிஸ் காரில் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஏ.பி.எஸ். என்று நாம் சொல்வது அதுதான். ஒவ்வொரு சக்கரமும் எத்தனை வேகத்தில் சுழல்கிறது என்று உணர்கருவிகள் எண்ணிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு சக்கரம் நிற்கப்போவதுபோல் தெரிந்தால், கணினி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் தளர்த்தி, மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் பல தடவை இப்படி நடக்கும். 1989-ல் இந்தக் கருவி ரேஞ்ச் ரோவர் வண்டிக்கு வந்தது.

அடுத்த திருப்பம் 1997-ல் நிகழ்ந்தது. லேண்ட் ரோவர் நிறுவனம் ஃப்ரீலேண்டர் என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடப்போகும் வண்டி என்பதால், அதில் இரண்டாவது கியர்ப் பெட்டி இல்லை. சிவப்புக் குமிழ் இல்லாத லேண்ட் ரோவர் செங்குத்தான சரிவில் எப்படி இறங்கும்? பொறியாளர்கள் ஏ.பி.எஸ். கருவியையே வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். பிரேக்கைத் தளர்த்தத் தெரிந்த கணினிக்கு, ஓட்டுநர் மிதிக்காமலே பிரேக்கைப் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கியர்க் கோலில் இருந்த மஞ்சள் பொத்தானை இயக்கி, முதல் கியரிலோ பின்னோக்கும் கியரிலோ போட்டுவிட்டு, கால்களை மிதிகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் தானாகவே இறங்கும். "ஹில் டிசென்ட் கன்ட்ரோல்" என்று அதற்குப் பெயரிட்டார்கள். இறக்கக் கட்டுப்பாடு என்று நாம் சொல்லலாம்.

இதில் ஒரு புதுமை உண்டு. மனிதனுக்கு ஒரு பிரேக்கு மிதிதான். அதை மிதித்தால் நான்கு சக்கரங்களையும் சேர்த்தே பிடிக்க முடியும். கணினியோ நான்கையும் தனித்தனியே பிடிக்கிறது. சேற்றில் இருக்கும் சக்கரத்தை விட்டுவிட்டு, கல்லின்மேல் நிற்கும் சக்கரத்தை அழுத்துகிறது. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் செய்ய முடியாத வேலை இது. அப்போது வண்டிக்கு அடியில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். சிலர் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். பிரேக்கு எண்ணெயைச் சிறு பம்பு தள்ளுகிற சத்தம் அது. அஞ்ச வேண்டியதில்லை.

பின்னர் மற்ற நிறுவனங்களும் இதேபோன்ற கருவிகளைக் கொண்டுவந்தன. 2007-ல் அறிமுகமான டொயோட்டா லேண்ட் குரூசர் 200 வண்டி இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதில் வந்த "கிரால் கன்ட்ரோல்" என்ற ஊர்தல் கட்டுப்பாடு, பிரேக்கோடு எஞ்சினையும் சேர்த்து ஆளுகிறது. சிறு கியரில் போட்டு வேகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால், ஏற்றமானாலும் இறக்கமானாலும் கல்லானாலும் மணலானாலும் வண்டி அதே ஊர்தல் வேகத்தில் போகும். ஓட்டுநரின் வேலை ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொள்வது மட்டுமே. இப்போது நம் நாட்டில் ஓடும் நான்கு சக்கர பிக்கப் வண்டிகள் பலவற்றில் இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் இருக்கிறது. சரிவான சாலையில் கார் சறுக்குவது போன்ற ஒரு படம் அதன்மேல் வரைந்திருக்கும். நம் பிள்ளைகள் பலர் அப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கிறார்கள். பொத்தான் எதற்கு என்று தெரியாமலே வைத்திருப்பவர்களும் உண்டு.

இப்போது நம் இரண்டு எதிரிகளையும் மறுபடி நினைத்துப் பாருங்கள். பொத்தான் எதை வென்றது? வழுக்கலை வென்றது; அதுவும் முழுமையாக அல்ல. தரையில் பிடிப்பே இல்லையென்றால் கணினியால் பிடிப்பை உண்டாக்க முடியாது. தேய்ந்த டயர் தேய்ந்த டயர்தான். வெப்பத்தைப் பொத்தான் வெல்லவே இல்லை. ஏனென்றால் அது பயன்படுத்துவது பிரேக்கைத்தான். நாம் மிதித்தாலும் கணினி மிதித்தாலும், இரண்டு டன் வண்டி இறங்கும் உயரத்துக்கு உரிய வெப்பம் பிறந்தே தீரும். பிரேக்கு அளவுக்கு மீறிச் சூடானால், விளக்கை எரியவிட்டு, மெல்ல மெல்லத் தன் பிடியை விட்டு விலகிக்கொள்ளும்படி பல வண்டிகளில் இந்தக் கருவியை அமைத்திருக்கிறார்கள்.

ஆகவே எந்தக் கருவி எந்த இடத்துக்கு உரியது என்று அறிந்திருக்க வேண்டும். காட்டுப்பாதையில், ஐம்பது நூறு மீட்டர் நீளமுள்ள செங்குத்தான செம்மண் சரிவுக்குப் பொத்தான் நல்ல துணை. சிறு கியரும் சேர்ந்தால் இன்னும் நல்லது. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவதுபோன்ற நீண்ட தார்ச்சாலைக்கு அது உரியதன்று. அங்கே எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். தானாகக் கியர் மாறும் வண்டியானாலும் கியர்க் கோலில் "எல்" என்றோ "2" என்றோ சிறு கியருக்கான இடம் இருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டும். பிரேக்கை இடையிடையே மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். காலை மிதிமேலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் அது ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

எண்ணெய் மிச்சமாகும் என்று இறக்கத்தில் ஃப்ரீ கியரில் விடும் பழக்கம் சிலரிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது. நேயர்களே, இதைவிடப் பெரிய அறியாமை இல்லை. எஞ்சினின் பிடியை அவிழ்த்துவிட்டு, 450 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்கள். இதில் மிச்சமாவதும் ஒன்றும் இல்லை. இக்கால எஞ்சின்கள், கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டு இறங்கும்போது, எண்ணெய் செல்வதைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. ஃப்ரீ கியரில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் செலவாகிறது.

கரடுமுரடான சரிவில் இறங்குவோர் மறக்கக்கூடாதவை இன்னும் சில உண்டு. உச்சியில் வண்டியை நிறுத்தி, இறங்கி நடந்து, பாதையைக் கண்ணால் பாருங்கள். கியரை அங்கேயே தேர்ந்தெடுங்கள். பாதி இறக்கத்தில் கிளட்ச்சை மிதித்தால் எஞ்சினின் பிடி அந்த நொடியே விட்டுப்போகும். சரிவுக்கு நேராக இறங்குங்கள். குறுக்காக இறங்கினால் வண்டி புரண்டுவிடும். வழுக்கத் தொடங்கினால் பிரேக்கை விடுங்கள். சக்கரம் சுழன்றால்தான் வண்டி திரும்பும். ஏற முடியாமல் பாதி மேட்டில் நின்றுவிட்டால் அங்கே வண்டியைத் திருப்ப முயல வேண்டாம். பின்னோக்கும் கியரில் போட்டு, வந்த வழியே நேராகப் பின்னால் இறங்குங்கள். பிரேக்கு கருகும் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு வெடிக்கக்கூடும்.

இத்தனையும் வண்டி ஓட்டுபவருக்கு. பின்கட்டில் ஏறுபவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. ஸ்டீயரிங் ஒருவர் கையில்தான் இருக்கிறது, உயிர் எல்லாருடையதும். உச்சியில் வண்டியைச் சற்று நிறுத்தச் சொல்வதும், "தம்பி, சின்னக் கியர் போட்டாயா?" என்று கேட்பதும் குற்றம் அல்ல. மனைவி கேட்கலாம், தாய் கேட்கலாம், பின்னால் நிற்கும் யாரும் கேட்கலாம். நல்ல ஓட்டுநர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். செங்குத்தான வழுக்குச் சரிவானால், ஆட்கள் இறங்கி நடந்து வரட்டும், வண்டி காலியாக இறங்கட்டும் என்று சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

இரும்புத் தகட்டிலிருந்து மஞ்சள் பொத்தான் வரை கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. தகட்டை மாட்டிய வண்டிக்காரரும், சிவப்புக் குமிழை இழுத்த லேண்ட் ரோவர் ஓட்டுநரும், இன்று பொத்தானை அழுத்தும் இளைஞரும் ஒரே இடத்தில்தான் அதைச் செய்தாக வேண்டும். இறங்கத் தொடங்குவதற்கு முன், மேட்டின் உச்சியில். அங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்கிற வேலையை மட்டும் எந்தக் கருவியும் நமக்காகச் செய்துவிடாது.

அடுத்த முறை மேட்டில் ஏறி முடித்ததும், பெருமூச்சு விடுமுன் அந்த ஒரு நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.